தொடக்கப் பள்ளியில் நூலகப் பாடவேளையை என்ன செய்வது?

முதலில் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பின்னால் படிக்க வருகிறவர்களுக்கு உதவும். கேட்டவர் இரண்டே ஆசிரியர்கள் உள்ள ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கிறார். அரசு கொடுத்தது, நன்கொடையாக வந்தது என்று ஒரு பீரோ நிறையக் கதைப்புத்தகம் இருக்கிறது. வாரத்தில் ஒரு பாடவேளை நூலகத்துக்கு. பிள்ளைகள் புத்தகத்தை வாங்குகிறார்கள், படம் பார்க்கிறார்கள், ஐந்து நிமிடத்தில் மூடி வைத்துவிடுகிறார்கள், அப்புறம் ஒரே சத்தம். அந்த நேரத்தில் செய்ய ஒரு செயல்பாட்டுப் பட்டியல் வேண்டும் என்கிறார். பட்டியல்தான் வேண்டுமென்றால் அரை மணி நேரம் தேடினால் நூறு கிடைக்கும்: முகமூடி, விரல் பொம்மை, அட்டைப்படம் வரைதல், கதாபாத்திரம் போல வேஷம் போடுதல். ஆனால் உங்கள் கேள்வியைத் திரும்பத் திரும்பப் படித்தால், பிள்ளைகள் ஏன் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள் என்பதுதான் உங்களை உறுத்துகிறது என்று தோன்றுகிறது. அதற்குத்தான் பதில் சொல்லப் போகிறேன்.

நான் இடைநிலை ஆசிரியை. தமிழ்வழி அரசுத் தொடக்கப் பள்ளிகளில்தான் என் வேலைக்காலம் முழுவதும் போயிருக்கிறது, வட்டார அளவில் நடக்கிற பயிற்சிகளில் வாசிப்பு பற்றிக் கருத்தாளராகவும் பேசியிருக்கிறேன். தனி நூலகரும் தனி அறையும் இருக்கிற பள்ளிகளின் நிலவரம் வேறு, நான் சொல்வதை அங்கே அப்படியே பொருத்த வேண்டாம். என் கட்சி இதுதான்: தொடக்கப் பள்ளி நூலகத்தில் செயல்பாடு குறையக் குறையத்தான் வாசிப்புக்கு இடம் கிடைக்கும். நாற்பது நிமிடத்தில் முப்பது நிமிடம் சிங்க முகமூடி வெட்டி ஒட்டுவதில் போனால் அது கைவேலைப் பாடவேளை. கைவேலை நல்லதுதான், ஆனால் அதை வாசிப்புக் கணக்கில் எழுதக் கூடாது. ஒரு செயல்பாடு முடிந்ததும் பிள்ளை மறுபடியும் அந்தப் புத்தகத்தையோ இன்னொரு புத்தகத்தையோ கையில் எடுக்கிறதா? எடுத்தால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

பீரோவிலிருந்தே ஆரம்பிக்கலாம். சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் முதலாவதே 'நூல்கள் பயன்படுத்துவதற்கே' என்பதுதான். கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆகப் போகிறது, இன்னும் பல பள்ளிகளில் புத்தகம் பூட்டுக்குள், சாவி தலைமை ஆசிரியரின் கைப்பையில். தலைமை ஆசிரியரைக் குற்றம் சொல்லவும் மனசு வரவில்லை. இருப்புப் பதிவேட்டில் ஏறிய பொருள் காணாமல் போனால் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியது அவர்தானே. அதற்கு ஒரு வழி உண்டு. வருஷக் கடைசியில் கிழிந்தவை, தொலைந்தவை எல்லாவற்றையும் பட்டியல் போட்டு, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைத்து, கூட்ட நோட்டில் பதிந்துவிடுங்கள். நீக்குவதற்கான முறையை வட்டாரக் கல்வி அலுவலரிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே ஒவ்வொரு பள்ளியிலும் செய்தித்தாள், இதழ், கதைப்புத்தகம் உள்ள நூலகம் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம் 2018இல் தொடங்கியபோது தொடக்கப் பள்ளி ஒன்றுக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் வரை நூலக மானியம் என்று வைத்தார்கள். பிள்ளைகள் தொடாமல் பத்திரமாக இருப்பதற்காக இதையெல்லாம் எழுதவில்லை.

வெளியே எடுத்த புத்தகத்தை முதுகு தெரிகிற மாதிரி அடுக்காதீர்கள். குழந்தைப் புத்தகம் பெரும்பாலும் பதினாறு, இருபத்துநான்கு பக்கம்தான், முதுகே கிடையாது. அட்டை முழுசாகத் தெரிய வேண்டும். நைலான் கயிறும் துணிக்கிளிப்பும் போதும். செயல்வழிக் கற்றல் காலத்தில் பிள்ளைகள் செய்ததை மாட்டுவதற்காகத் தலைக்கு மேலே கட்டிய கம்பிப் பந்தல் உங்கள் வகுப்பறையில் இன்னும் மிச்சமிருந்தால் அதையே கொஞ்சம் தாழ இறக்கிக் கட்டிக்கொள்ளலாம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எக்காமல் எடுக்கிற உயரம் முக்கியம். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாட்டாமல், முப்பது நாற்பது புத்தகம் மாட்டி, பதினைந்து நாளுக்கு ஒரு முறை பாதியை மாற்றுங்கள். 'டீச்சர், அந்த யானைப் புக்கு எங்க?' என்று யாராவது கேட்டால் உங்கள் வேலை ஆரம்பித்துவிட்டது என்று பொருள்.

இப்போது படம் பார்த்துவிட்டு மூடுகிற விஷயம். இதற்கு இரண்டு காரணம் இருக்கும், இரண்டுக்கும் மருந்து வேறு. ஒன்று, பிள்ளைக்கு அந்தப் புத்தகம் படிக்க வரவில்லை. தமிழில் எழுத்துகள் 247, அதில் கொம்பும் காலும் விசிறியும் சேர்ந்து வருகிற உயிர்மெய்தான் பிள்ளைகளை அலைக்கழிக்கும். ஆங்கிலத்துக்குச் சொல்வதுபோல ஒரே வருஷத்தில் எழுத்தெல்லாம் முடிந்துவிடும் என்று இங்கே எதிர்பார்க்க முடியாது. நம்முடையதைப் போன்ற எழுத்துமுறை உள்ள கன்னடத்தில் ஆய்வு செய்தபோதும், எழுத்தறிவு முழுமையாகப் பல வகுப்புகள் ஆவது தெரிந்தது. இதற்கு மேல் நம் சொற்களின் நீளம். இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் 'ஓடிக்கொண்டிருந்தது' என்ற சொல்லை விரல் வைத்துப் படிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். ஓ, டி, க், கொ, ண், டி என்று ஒவ்வொன்றையும் சரியாகத்தான் சொல்வான். 'ருந்தது' வருவதற்குள் முதலில் சொன்ன 'ஓடி' மனசிலிருந்து நழுவியிருக்கும். கடைசியில் தலை நிமிர்ந்து உங்கள் முகத்தைப் பார்ப்பான். எழுத்துத் தெரியும், சொல் கிடைக்கவில்லை. இவன் படம் பார்த்து மூடுவதில் என்ன ஆச்சரியம்?

பள்ளிக் கல்வித் துறை 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் புத்தகங்கள் உங்கள் பீரோவில் இருந்தால், அவற்றில் நுழை, நட, ஓடு, பற என்று நிலை குறித்திருப்பார்கள். சின்னச் சின்ன வாக்கியம், பக்கத்துக்குக் கொஞ்சமே எழுத்து. 'நுழை'யும் 'நட'யும் இந்தப் பையனுக்கு நல்ல துணை. இல்லாவிட்டால் நீங்களே இருக்கிற புத்தகங்களை வாக்கிய நீளத்தைப் பார்த்து மூன்று குவியலாகப் பிரித்து, அட்டையின் மூலையில் வண்ணப் பொட்டு ஒட்டிவிடலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை. அரசின் எண்ணும் எழுத்தும் திட்ட வகுப்பில் கற்றல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்து வைத்திருப்பீர்கள், பாடம் நடத்த அது தேவை. அதை நூலகத்துக்குள் கொண்டுவந்து 'நீ அரும்பு, இந்தப் பக்கம் வராதே' என்று சொல்லாதீர்கள். படிக்க முடியாத புத்தகத்தையும் ஆசைப்பட்டால் எடுக்கட்டும். டைனோசர் படம் போட்ட தடிப் புத்தகத்தை ஒரு மாதம் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்து, அதிலிருந்த பெயர்களை வைத்தே நெடில் குறிகளைப் பிடித்துக்கொண்ட பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். எல்லாருக்கும் அப்படி நடக்கும் என்று சொல்ல மாட்டேன்.

இரண்டாவது காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. பிள்ளையின் காதுக்குப் புத்தகத் தமிழ் பழக்கமில்லை. வீட்டில் 'வந்துச்சு', 'போய்ட்டாங்க'. புத்தகத்தில் 'வந்தது', 'போய்விட்டார்கள்'. எழுத்துக் கூட்டிச் சரியாகப் படித்தாலும், படித்தது தனக்குத் தெரிந்த சொல்தான் என்று உடனே பிடிபடாது. இதற்கு ஒரே வழி காது நிறையக் கேட்க வைப்பது, அதாவது ஆசிரியர் வாசித்துக் காட்டுவது. நூலகத்தில் ஒன்றே ஒன்றுதான் செய்ய நேரமிருக்கிறது என்றால் நான் இதைத்தான் செய்வேன். வாரம் ஒரு நாள் நாற்பது நிமிடத்துக்குப் பதில் தினமும் பத்து நிமிடம் என்றால் இன்னும் நல்லது.

வாசித்துக் காட்டுவது என்றால் பாடம் வாசிப்பது போல இல்லை. முதல் நாளே வீட்டில் ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், எங்கே மூச்சு விடுவது, எந்த இடத்தில் பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று தெரிந்துவிடும். பிள்ளைகளைப் பாயில் நெருக்கி உட்கார வையுங்கள். புத்தகத்தைத் தோளுக்குப் பக்கத்தில், படம் அவர்கள் பக்கம் இருக்கிற மாதிரி பிடித்து, பக்கவாட்டில் பார்த்துப் படிக்கப் பழக வேண்டும். முதலில் கழுத்து வலிக்கும், அப்புறம் பழகிவிடும். எழுதியிருக்கிறபடியே படியுங்கள், பேச்சுத் தமிழுக்கு மாற்றிவிடாதீர்கள். வேண்டுமானால் படித்த பிறகு பேச்சில் பேசிக்கொள்ளலாம். பக்கம் திருப்புவதற்கு முன் ஓர் இடைவெளி விட்டு 'இப்ப என்ன ஆகும்?' என்று கேளுங்கள், ஆனால் கதை முழுவதும் இரண்டு மூன்று இடத்துக்கு மேல் வேண்டாம். பக்கத்துக்குப் பக்கம் கேள்வி கேட்டால் கதை செத்துப் போகும். முடிந்ததும் 'இந்தக் கதையின் நீதி என்ன?' என்ற கேள்வியைத் தயவுசெய்து கேட்காதீர்கள். கேட்டுப் பாருங்களேன், எந்தக் கதையாக இருந்தாலும் 'பொய் சொல்லக் கூடாது டீச்சர்' என்றுதான் பதில் வரும். 'உனக்கு எந்த இடம் பிடிக்கல?' என்று கேட்டால் பேச்சு வேறு மாதிரி போகும். அதே கதையை மறுநாள் திரும்பப் படிக்கச் சொல்வார்கள், படியுங்கள். மூன்றாவது முறை அவர்களே கூடச் சொல்ல ஆரம்பிப்பார்கள், நாலாவது முறை அந்தப் புத்தகத்துக்குச் சண்டை வரும்.

இங்கே ஆய்வு என்ன சொல்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பயிற்சிகளில் 'ஆய்வுகள் நிரூபித்துள்ளன' என்று எல்லாவற்றுக்கும் சொல்லிவிடுகிறோம். பிள்ளையைப் பேச விட்டு, பிள்ளையே கதை சொல்கிற மாதிரி சேர்ந்து படித்தால் பேச்சு வளம் கூடுகிறது என்று அமெரிக்காவில் 1988இல் ஓர் ஆய்வு வந்தது, அதற்குப் பிறகும் பல ஆய்வுகள் அதே திசையில் இருக்கின்றன. ஆனால் அந்த முதல் ஆய்வு இரண்டு மூன்று வயதுப் பிள்ளைகளிடம், வீட்டில், பெற்றோர் மடியில் நடந்தது. முப்பது பிள்ளைகள் உள்ள பல்வகுப்பு அறையில் அதே அளவு பலன் கிடைக்கும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. மௌன வாசிப்பு இன்னும் சந்தேகத்துக்குரியது. 'இருபது நிமிடம் எல்லாரும் அமைதியாகப் படியுங்கள்' என்பது பார்க்க அழகாக இருக்கும். அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000ஆம் ஆண்டு அறிக்கையில், இப்படிப் படிக்கச் சொல்வதால் மட்டும் வாசிப்புச் சரளம் கூடுகிறது என்பதற்குப் போதிய சான்று கிடைக்கவில்லை என்று எழுதியது. பலன் இல்லை என்று அது சொல்லவில்லை, சான்று போதவில்லை என்றுதான் சொன்னது. பெரியவர் வழிகாட்ட, வாய்விட்டு, திரும்பத் திரும்பப் படிப்பதற்கு நல்ல சான்று இருப்பதாக அதே அறிக்கை சொல்கிறது. ஆகவே மூன்றாம் வகுப்பு வரைக்கும் பிள்ளைகள் முணுமுணுத்துப் படித்தால் 'வாயை மூடிப் படி' என்று அதட்ட வேண்டாம். நீங்கள் எழுதியிருந்த சத்தத்தில் பாதி இந்தச் சத்தமாக மாறினால் போதும். ஐந்தாம் வகுப்பில் சரளமாகப் படிக்கிறவர்களுக்கு மௌன வாசிப்புக்கு நேரம் கொடுக்கலாம், அவர்களே கேட்பார்கள்.

இரண்டு ஆசிரியர் பள்ளியில் ஆள் எங்கே என்று கேட்பீர்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கிறார்களே. பெரிய பிள்ளை ஒன்று, சின்னப் பிள்ளை ஒன்று என்று ஜோடி சேர்த்து, பெரியது சின்னதுக்குப் படித்துக் காட்டட்டும். இதில் யாரும் எதிர்பார்க்காத லாபம் ஒன்று உண்டு: ஐந்தாம் வகுப்புக்கு வந்தும் தடுமாறிப் படிக்கிற பிள்ளைகள், மூன்றாம் வகுப்புப் புத்தகத்தைக் கையில் எடுக்க வெட்கப்படுவார்கள். தம்பிக்குப் படித்துக் காட்டப் பயிற்சி எடுக்கிறேன் என்ற சாக்கில் அதே புத்தகத்தை நாலு தடவை படித்துவிடுவார்கள். நேரத்துக்கும் ஒரு வழி. 2023 ஆகஸ்டிலிருந்து அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் காலை உணவு வந்துவிட்டதால் பிள்ளைகள் சீக்கிரம் வந்துவிடுகிறார்கள். சாப்பிட்டுக் கை கழுவியதற்கும் வழிபாட்டு மணி அடிப்பதற்கும் நடுவில் கிடைக்கிற நேரத்தில் பாயை விரித்துப் புத்தகத்தைப் பரப்பிவிட்டால் போதும், நீங்கள் வருகைப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டே ஒரு கண் வைத்துக்கொள்ளலாம்.

வீட்டுக்குக் கொடுப்பதில்தான் பலரும் தயங்குகிறார்கள். கொடுங்கள். வெள்ளிக்கிழமை எடுத்துப் போய்த் திங்கட்கிழமை கொண்டுவரட்டும். வழங்கல் நோட்டைப் பிள்ளைகளிடமே விடுங்கள்: தேதி, பெயர், புத்தகத்தின் எண், திரும்பி வந்ததற்கு ஒரு டிக். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் பெயர் எழுத வராவிட்டால் அட்டையில் உள்ள படத்தைச் சின்னதாக வரையட்டும், அந்த நோட்டைப் புரட்டுவதே தனி சுகம். புத்தகம் கிழிந்து வந்தால் திட்டு, அபராதம் எதுவும் வேண்டாம். ஒரு தடவை திட்டினால் அந்தப் பிள்ளை மட்டும் இல்லை, அவன் தெருப் பிள்ளைகள் எல்லாரும் எடுப்பதை நிறுத்திவிடுவார்கள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, 'அம்மாகிட்ட படிச்சுக் காட்டு, ஆத்தாகிட்ட படத்தைக் காட்டிக் கதை கேளு' என்று சொல்லி அனுப்பலாம். கிழிந்ததை ஒட்டுவதும் பிள்ளைகள் வேலைதான். செலோடேப் வேண்டாம், இரண்டு வருஷத்தில் மஞ்சளாகி, பசை கசிந்து, பக்கத்தோடு பக்கம் ஒட்டிக்கொள்ளும். மெல்லிய வெள்ளைத்தாளை நீளவாக்கில் கிழித்து, மைதாப் பசையில் ஒரு சொட்டு மயில்துத்தம் கூடச் சேர்க்காமல் (பூச்சி வராமல் இருக்கச் சிலர் சேர்ப்பார்கள், ஆனால் பிள்ளைகள் கை வைக்கிற இடம், அது விஷம்) புதிதாகக் காய்ச்சி ஒட்டுங்கள், நன்றாகக் காய்ந்த பிறகு அடுக்குங்கள். அரைகுறையாகக் காய்ந்த பசை வெள்ளிப்பூச்சிக்கு விருந்து. பீரோவைச் சுவரை ஒட்டி வைக்காமல் ஒரு சாண் தள்ளி வைத்தால் கரையான் ஏறுவது கண்ணில் படும்.

சரி, செயல்பாடே கூடாதா என்றால், சிலதை நான் விடமாட்டேன். ஏ4 தாளை மடித்து நடுவில் ஒரு வெட்டு வெட்டினால் எட்டுப் பக்கக் குட்டிப் புத்தகம் வரும். வீட்டில் பாட்டி சொன்ன கதை, விடுகதை, ஆடு குட்டி போட்ட கதை எதுவானாலும் பிள்ளை எழுதி வரைந்து வந்தால், அதற்கும் ஓர் எண் போட்டுக் கயிற்றில் மாட்டுங்கள். மற்ற பிள்ளைகள் அதைத்தான் முதலில் எடுப்பார்கள், எழுத்துப் பிழையோடு இருந்தாலும். நான்கு, ஐந்தாம் வகுப்புக்குத் துறை வெளியிடுகிற ஊஞ்சல் இதழ் வந்தால் அதை மேசை டிராயரில் வைக்காமல் நூலகத்தில் போடுங்கள். பக்கத்தில் கிளை நூலகமோ ஊர்ப்புற நூலகமோ இருந்தால் ஒரு தடவை கூட்டிப் போங்கள், நாம் கட்டுகிற வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்து வாங்குகிறார்கள், பிள்ளைகளும் போய் உட்காரட்டும். புத்தகம் போதவில்லை என்றால் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன, அச்செடுத்துக்கொள்ளவும் உரிமை உண்டு. ஒன்று மட்டும், அங்கே மொழிபெயர்ப்பின் தரம் ஏற்றத்தாழ்வாக இருக்கும். நீங்கள் வாய்விட்டுப் படித்து நாக்கு இடறாததை மட்டும் எடுங்கள்.

'யார் அதிகப் புத்தகம் படித்தது' போட்டியும் நட்சத்திர அட்டவணையும் எனக்குப் பிடிக்காது. வைத்த பள்ளிகளில் பிள்ளைகள் மெல்லிசான புத்தகமாகப் பார்த்து எடுப்பதையும், படிக்காமலே கணக்கு ஏற்றுவதையும் கண்ணால் பார்த்திருக்கிறேன். 1973இல் அமெரிக்காவில் ஒரு மழலையர் பள்ளியில், வரைவதில் தானாகவே ஆசை உள்ள பிள்ளைகளிடம் 'வரைந்தால் சான்றிதழ்' என்று முன்பே சொல்லி வரைய வைத்தார்கள். பிறகு விளையாட்டு நேரத்தில் அவர்கள் வரைவது குறைந்துவிட்டது. சொல்லாமல் கொடுத்த பரிசால் அப்படி ஆகவில்லை. அது வரைதல், இது வாசிப்பு, இரண்டும் ஒன்று என்று சாதிக்க மாட்டேன், ஆனாலும் என் பள்ளியில் நட்சத்திரம் ஒட்டுவதில்லை. மேலிருந்து பார்வைக்கு வருகிறவர்களுக்குக் காட்டவும் வாட்ஸப் குழுவில் போடவும் படம் வேண்டுமே என்று நீங்கள் நினைப்பது புரிகிறது. வழங்கல் நோட்டின் இரண்டு பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள். எங்கள் வட்டாரத்தில் அதற்கு யாரும் இதுவரை ஆட்சேபம் சொல்லவில்லை.

இன்னொன்று, இது என் எல்லைக்கு வெளியே உள்ளது. இத்தனையும் செய்த பிறகும் ஒரு பிள்ளை மாதக்கணக்கில் எழுத்துகளைப் பிடிக்காமல் திணறினால், புத்தகத்தை முகத்துக்கு மிக அருகில் வைத்துப் பார்த்தால், அதைக் கதை சொல்லிச் சரிசெய்ய நினைக்காதீர்கள். முதலில் கண் பரிசோதனை, அப்புறம் கற்றலில் சிரமப்படுகிற பிள்ளைகளுக்கு உதவுகிற உங்கள் வட்டாரத்தின் சிறப்பாசிரியரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

முடிந்தால் பீரோவைத் திறந்து, உள்ளே இருப்பதைப் பாயில் பரப்பி ஒரு படம் போடுங்கள். முதல் மாதத்துக்கு எவற்றை வாசித்துக் காட்டலாம், எவற்றைக் கயிற்றில் மாட்டலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.